ஈரம் வெளியிலிருந்து வருவதில்லை

மேட்டூர் அணை திறந்து கடைமடை வரை தண்ணீர் எட்டிவிட்டால் காவிரி டெல்டாவில் குறுவை நடவு சூடுபிடிக்கும். அதன் பின்னே சம்பா, தாளடி. நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் வயலில் இறங்கும் பெண்களுக்குக் காலை முதல் கணுக்கால் புதையச் சேற்றிலும் தண்ணீரிலும்தான் வேலை. பல ஊர்களில் நடவு இயந்திரம் வந்த பிறகும், பள்ளக்கால் வயல்களிலும் போக்கு நடவிலும் கைதான் இறங்குகிறது. அப்படி நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களின் குதிகாலைப் பார்த்தால், விளிம்பு மஞ்சளாகத் தடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கும். கீறல்களுக்குள் வண்டல் கறுத்துப் படிந்து, எத்தனை தேய்த்தாலும் போகாத கோடுகளாகிவிடும். ஒன்றிரண்டு கீறல்கள் ஆழம் போய் உள்ளே சிவப்பு தெரியும். உப்புத் தண்ணீர் பட்டால் சுரீர் என்று எரியும். இத்தனை தண்ணீரில் இருந்தும் இவ்வளவு வறட்சி எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், மாய்ஸ்சரைசர் என்ற பெயரில் விற்கும் எந்தப் பொருளையும் எடைபோட்டுவிடலாம். விடை இதுதான்: தோலில் பூசும் பொருள்கள் ஈரத்தை உண்டாக்குவதில்லை. உடல் உள்ளிருந்து அனுப்பும் நீரையும் குளிக்கும்போது தோல் உறிஞ்சும் நீரையும் ஓடவிடாமல் நிறுத்துவதே அவற்றின் வேலை. தோல், கூந்தல் பராமரிப்பைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இதைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவை.

நம்பிக்கை: குதிகால் வெடிப்புக்குப் பித்தமும் உடல்சூடும்தான் காரணம்

உண்மைக் காரணம் தோலின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. நம் தோலின் வெளிப்படலம் உயிரற்ற தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அமைந்தது. அந்தச் செல்களைச் செங்கல் என்றும், அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் கொழுப்பைச் சாந்து என்றும் அமெரிக்கத் தோலியல் அறிஞர் பீட்டர் எலியாஸ் 1980-களில் விளக்கினார். இன்றுவரை பாடநூல்களில் இருப்பது அந்த விளக்கம்தான். சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அவை நீரை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. செல்களுக்குள்ளே அமினோ அமிலங்கள், லாக்டிக் அமிலத்தின் உப்புகள், யூரியா போன்றவை இருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இவையெல்லாம் தண்ணீரில் கரையக்கூடியவை. மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறும் காலிலிருந்து இவை கரைந்து வெளியேறுகின்றன. மாலையில் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தால் சாந்துக் கொழுப்பும் குறைகிறது. பிறகு கால் காயும்போது, நீரைப் பிடித்துவைக்க உள்ளே ஒன்றும் இல்லை. தடுத்து நிறுத்த வெளியேயும் ஒன்றும் இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உள்ளங்காலிலும் குதிகாலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே தோல் தடிப்பாகவும் இருப்பதால், உலர்ந்தவுடன் வளையும் தன்மையை இழக்கிறது. வெறுங்காலோடு வரப்பில் நடக்கும்போது உடலின் எடையில் குதிகால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. வளைய முடியாத தோல் பிளக்கிறது.

நடவு முடிந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சூடு தணிந்தால் வெடிப்பு ஆறிவிடுகிறதே என்று கேட்கலாம். ஆறுவது உண்மைதான். ஆனால் அந்த நாள்களில் கால் தண்ணீரிலும் சேற்றிலும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோல் தன் சாந்தைத் தானே மறுபடி கட்டிக்கொள்ள அந்த இடைவெளி போதும். நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறளாது என்ற அறிவுரையையும் இங்கேயே சேர்க்கலாம். வெயிலில் வேலை செய்பவர் தாகத்துக்குக் கட்டாயம் குடிக்க வேண்டும். ஆனால் போதுமான அளவு குடிப்பவர் மேலும் இரண்டு செம்பு குடித்தால், அது ஓட்டையாகிப் போன வெளிப்படலத்தை அடைக்காது. நடவு இல்லாத காலத்திலும் வெடிப்பு ஆறாமல் இருந்தால் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, சொரியாசிஸ், பூஞ்சைத் தொற்று ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்ப்பதே வழி.

நம்பிக்கை: எண்ணெய் தேய்த்தால் தோலுக்குள் ஈரம் இறங்கும்

இதைச் சோதித்துப் பார்த்தவர் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். காய்ப்புப் பிடித்த தோலை எடுத்து உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்தார். எத்தனை ஊறினாலும் அது விறைப்பாகவே இருந்தது. தண்ணீரில் போட்டதும் வளைந்துகொடுத்தது. 1952-இல் அவர் வெளியிட்ட இந்த முடிவிலிருந்துதான் இன்றைய மாய்ஸ்சரைசர் அறிவியல் தொடங்குகிறது. தோலை மென்மையாக்குவது நீர்தான். எண்ணெய் அந்த நீரை மூடிக் காக்கிறது; செதில் செதிலாக நிற்கும் தோலின் மேடுபள்ளங்களை நிரவி வழவழப்பாக்குகிறது. இதனால் எண்ணெயின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆட்டி எடுக்கும் தேங்காயெண்ணெயை நம்பியிருப்பவர்களுக்கு ஆதரவான சான்றும் உண்டு. 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உடைய 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பயன் தந்தன. இரண்டுமே பாதுகாப்பாக இருந்தன. தேங்காயெண்ணெய் வேலை செய்கிறது என்பது இதன் ஒரு பாதி. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மினரல் ஆயில் அதற்குச் சற்றும் குறையவில்லை என்பது மறுபாதி. முதல் பாதியை ஏற்பவர்கள் இரண்டாவதையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

தாவர எண்ணெய் என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், தன்னார்வலர்களின் முன்கையில் ஆலிவ் எண்ணெயைச் சில வாரங்கள் தடவினார்கள். தோலின் தடுப்பு பலவீனமானது. லேசான சிவப்பும் வந்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அப்படி நேரவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் சாந்துக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைப்பதும், சூரியகாந்தியில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலத்தைத் தோல் தன் சாந்துக்கே பயன்படுத்திக்கொள்வதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். குழந்தைக்கு இறக்குமதி ஆலிவ் எண்ணெய்தான் உசத்தி என்று காசைக் கொட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூசும் நேரமும் முக்கியம். எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயும் பயத்தமாவும் போட்டுக் குளித்தால் எண்ணெயில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. அந்தக் குளியலுக்கு வேறு சுகங்கள் உண்டு. ஆனால் வறட்சிக்கு மருந்தாக எண்ணெயைக் கருதினால், குளித்துவிட்டு ஈரம் முழுதும் காயும் முன் பூச வேண்டும். தோல் உறிஞ்சிய நீர் அப்போதுதான் உள்ளே நிற்கும்.

நம்பிக்கை: வாசலின் பெட்ரோலியக் கழிவு, தோலை மூச்சுவிட விடாது

மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் திட்டங்களை எதிர்த்து 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடின. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது. பெட்ரோலியம் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே ஒருவர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வயலுக்கடியில் துளையிடலாமா என்பது நிலத்தையும் நீரையும் பற்றிய கேள்வி. வெடித்த குதிகாலில் எதைப் பூசலாம் என்பது வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டிலும் தவறான விடைதான் கிடைக்கும். ராபர்ட் செஸ்பரோ 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலம் முதல் வாசலின் என்னும் பெட்ரோலியம் ஜெல்லி பயன்பாட்டில் இருக்கிறது. தோலிலிருந்து நீர் ஆவியாவதை அது 98 விழுக்காடு வரை குறைக்கும் என்றும், மற்ற எண்ணெய்கள் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரையே குறைக்கும் என்றும் தோலியல் நூல்கள் சொல்கின்றன. மூடுவதில் இதை மிஞ்ச இன்னொரு மலிவான பொருள் கிடையாது.

மூச்சுவிட விடாது என்ற கவலைக்கும் பதில் உண்டு. உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனை நுரையீரல் வாங்கி ரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குதிகாலில் ஒரு பூச்சு இருப்பதால் அது தடைபடாது. மூடிவிட்டால் தோல் தன்னைத்தானே சீராக்கிக்கொள்வது நின்றுவிடும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் ஐயப்பட்டார்கள். எலியாஸும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்தது. பெட்ரோலியம் ஜெல்லி வெறும் மேல்பூச்சாக நிற்காமல் வெளிப்படலத்தின் இடுக்குகளுக்குள்ளும் இறங்குகிறது. தோலின் சீரமைப்பும் தடையின்றி நடக்கிறது. நியாயமான கவலை ஒன்று இருக்கிறது. சரியாகச் சுத்திகரிக்காத பெட்ரோலியத்தில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்கள் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் சுத்திகரிப்பு விவரம் தெரியாத ஜெல்லியை அழகுப் பொருள்களில் அனுமதிப்பதில்லை. எனவே எடைபோட்டு விற்கும் பெயரில்லாப் பசையைத் தவிர்த்து, மருந்துக் கடையில் ஐ.பி. (இந்தியன் ஃபார்மகோபியா) தரக் குறியீடு உள்ள வெள்ளை ஜெல்லியாகப் பார்த்து வாங்க வேண்டும். பூசக் கூடாத இடமும் உண்டு. விரலிடுக்கில் வெளுத்து ஊறி அரிக்கும் சேற்றுப்புண்ணில் ஜெல்லியோ எண்ணெயோ தடவினால் கிருமிகளுக்கு இன்னும் வசதியாகிவிடும். அந்த இடத்தை நன்றாக உலரவைத்து, மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பைத்தான் போட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது: குதிகாலுக்குப் பூச்சு, விரலிடுக்குக்கு உலர்வு.

நம்பிக்கை: யூரியா உரம், அதைத் தோலில் பூசுவதா?

மூட்டை மூட்டையாக யூரியாவை வயலில் இறைக்கும் ஊரில், பாதக் களிம்பின் உறையில் அதே பெயரைப் பார்ப்பவர் திடுக்கிடுவது இயல்பு. ஆனால் யூரியா நம் தோலில் ஏற்கெனவே இருக்கிறது. தோல் நீரைப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் பொருள்களில் ஏறத்தாழ 7 விழுக்காடு அதுதான். வயலில் கால் ஊறும்போது கரைந்து போகிறவற்றில் அதுவும் ஒன்று. களிம்பில் 5 முதல் 10 விழுக்காடு யூரியா இருந்தால் நீரைப் பிடித்துவைக்கிறது. 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைத்து மெலியச் செய்கிறது. தடித்த குதிகாலுக்கு இந்த இரண்டும் வேண்டும். ஆழமாகப் பிளந்த கீறலில் இது எரியும் என்பதால் முதலில் ஜெல்லியால் கீறலை ஆற்றிக்கொண்டு பிறகு இதற்கு வருவது நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்துக் காலில் ஊற்றிப் பார்க்கக் கூடாது. உரத்துக்கான அளவுகோலில் தயாரித்து, வேப்பெண்ணெய்ப் பூச்சும் கொடுத்து விற்கும் பொருள் அது. மருந்துத் தரமும் அளவும் அதில் கிடையாது.

இயற்கையா, கெமிக்கலா என்ற கேள்வியே எவ்வளவு பலவீனமானது என்பதை யூரியாவை வைத்தே சொல்லிவிடலாம். உயிருள்ள உடலில் மட்டுமே உருவாகும் என்று கருதப்பட்ட யூரியாவை 1828-இல் ஃபிரீட்ரிக் வோலர் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். சிறுநீரகம் பிரித்தெடுப்பதும் தொழிற்சாலை தயாரிப்பதும் ஒரே மூலக்கூறு. கிளிசரினும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களின் மூலக்கூறில் கிளிசரின் உள்ளடங்கியிருக்கிறது. சோப்புக் காய்ச்சும்போது பிரிந்து வருகிறது. தோலும் தன் எண்ணெயிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. எங்கிருந்து வந்தது என்று தோல் கேட்பதில்லை. அது எத்தனை தூய்மையானது, எந்த அளவில் இருக்கிறது, என்ன செய்கிறது என்பவையே பயனையும் கெடுதியையும் முடிவு செய்கின்றன.

நம்பிக்கை: விலை ஏற ஏற ஈரமும் ஆழமாக இறங்கும்

கும்பகோணத்தின் மருந்துக் கடையிலும் இப்போது ஹயலுரானிக் அமில சீரம் கிடைக்கிறது. கொலாஜன் கிரீமும் கிடைக்கிறது. இவற்றின் விளம்பரங்கள் தோலின் ஆழத்தைத் தொடுவதாகச் சொல்கின்றன. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு எளிதில் தோலைத் தாண்டுவதில்லை என்ற விதியை 2000-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் முன்வைத்தார்கள். கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 3,00,000 டால்டன். ஹயலுரானிக் அமிலத்தில் பல வகை உண்டு. பெரியவை பத்து லட்சத்தையும் தாண்டும். இவை மேற்பரப்பில் தங்கி நீரைப் பிடித்துவைக்கின்றன. தோல் வழுவழுப்பாகத் தெரிகிறது. அது பயன்தான், ஆனால் அந்தப் பயனைக் கிளிசரின் மிகக் குறைந்த விலையில் தருகிறது. 92 டால்டன் மட்டுமே உள்ள கிளிசரின் வெளிப்படலத்துக்குள்ளும் இறங்குகிறது. கிளிசரின் தோலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும் என்ற பயமும் உலவுகிறது. மிக வறண்ட காற்றில், கலக்காத கிளிசரினைத் தனியாகப் பூசினால் அது ஓரளவு பொருந்தலாம். கடலோரக் காற்றின் ஈரமுள்ள நாகப்பட்டினத்திலும் தஞ்சையிலும் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. ஏ.சி. அறையில் நாள் முழுக்க இருப்பவர் கிளிசரினுக்கு மேல் கொஞ்சம் எண்ணெயோ ஜெல்லியோ தடவிக்கொண்டால் போதும். விலை கூடியவற்றில் செராமைடு கிரீம்களுக்குத் தோலழற்சி உள்ளவர்களிடம் தனி இடம் உண்டு; தோல் இழந்த சாந்துப் பொருளையே அவை தருகின்றன. மற்றவர்களுக்கு விலைச்சீட்டு தரும் ஈரம் என்று எதுவும் இல்லை.

நம்பிக்கை: வடிகஞ்சி தோலை மின்னவைக்கும், முடியை வளர்க்கும்

நெல் விளையும் மண்ணுக்கே உரிய நம்பிக்கை இது. மாட்டுத் தொட்டிக்குப் போன கழுநீரும் வடிகஞ்சியும் இன்று உலகம் முழுக்கக் கூந்தல் மருந்தாகப் பேசப்படுகின்றன. இதில் உண்மை ஒரு பங்கு இருக்கிறது. 2002-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள், சோப்புப் போன்ற ஒரு பொருளால் சேதப்படுத்திய தோலை அரிசி மாவுச்சத்துக் கரைத்த நீரில் நாளுக்கு இரு முறை, 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். தோல் ஆறும் திறன் 20 விழுக்காடு வரை கூடியது. ஜப்பானில் அரிசி கழுவிய நீரால் கூந்தலை அலசும் பழைய வழக்கத்தை 2010-இல் ஆராய்ந்தவர்கள், முடியின் மேற்பரப்பில் உராய்வு குறைவதையும் மீள்தன்மை கூடுவதையும் கண்டார்கள். வேட்டிக்குக் கஞ்சி போட்டால் நூலின் மேல் மாவுச்சத்து மெல்லிய படலமாக ஒட்டி விறைப்பும் பளபளப்பும் தருகிறது. முடியிலும் நடப்பது பெரும்பாலும் அதுதான். அதனால் முடி சிக்கில்லாமல் வரும். வேரிலிருந்து முடி கூடுதலாக வளரும் என்பதற்கு நம்பத்தக்க மனிதச் சோதனை இல்லை. அதிகம் போட்டால் முடி விறைத்துப் போவதும் உண்டு. நாள்கணக்கில் வெளியே வைத்துப் புளிக்கவிட்ட கஞ்சியில் எந்தக் கிருமி வளர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் புண்ணுள்ள தலையில் ஊற்றுவது ஆபத்து.

அரிசியின் உண்மையான செல்வம் கஞ்சியைவிடத் தவிட்டில் இருக்கிறது. தவிட்டெண்ணெயில் லினோலியிக் அமிலமும், ஒரிசனாலும், வைட்டமின் ஈ வகைகளும் இருக்கின்றன. தவிட்டிலிருந்து செராமைடு வகைகளையும் மெழுகையும் பிரித்தெடுத்து அழகுப் பொருள்களில் சேர்க்கிறார்கள். ஆனால் நெல் அரைபட்ட உடனே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சிக்கு வாடை வரும். சூடாக்கி நொதியை அடக்கினால்தான் தவிடு தேறும். திருவாரூரில் நெல் பதன ஆய்வு மையமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் இருக்கும் மண்ணில், இந்த அறிவு அருகிலேயே இருக்கிறது. மில் தவிட்டை அப்படியே முகத்தில் அப்பிக்கொள்வதால் இந்தப் பயன்கள் கிடைக்காது.

நம்பிக்கை: தலைக்கு எண்ணெய் வேருக்கு உணவு, சிலிகோன் முடிக்கு நஞ்சு

தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதற்கு உணவும் தேவையில்லை, மூச்சும் தேவையில்லை. வேருக்கு உணவைத் தருவது ரத்தம். முடி கொட்டுபவர் எண்ணெயை மாற்றும் முன் ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தேங்காயெண்ணெய்க்கு முடியில் ஒரு தனிச் சிறப்பு உண்மையிலேயே இருக்கிறது. 2003-இல் மும்பையில் ரேலே, மொஹிலே ஆகிய இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தலை அலசும்போது முடி புரதத்தை இழப்பதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதாக, நேராக இருப்பதால் முடித்தண்டுக்குள் நுழைய முடிகிறது. முடி தண்ணீரில் ஊதிப் பெருப்பது குறைகிறது. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் முறையும் முடிவும் வெளிப்படையாக அச்சில் இருக்கின்றன. தலைக்குக் குளிக்கும் முன் தேங்காயெண்ணெய் தடவும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தோலுக்குக் குளித்த பின், முடிக்குக் குளிக்கும் முன் என்பது நினைவில் வைக்க எளிய விதி.

கண்டிஷனரில் இருக்கும் சிலிகோன் முடியின் மேல் மெல்லிய படலமாகி உராய்வைக் குறைக்கிறது. பூச்சுச் சேர்ந்து முடி கனத்தால் ஷாம்பு போட்டு அலசினால் குறையும். அதை நஞ்சு என்பதற்குச் சான்றில்லை. பொடுகில்தான் உண்மையான ஆபத்து. தலை வறண்டதால் பொடுகு வருகிறது என்று நினைத்து எண்ணெயைக் கூட்டுவார்கள். பொடுகுக்குத் துணைபோகும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பமிலங்களைத்தான் தின்று வாழ்கிறது. அங்கே எண்ணெயைக் குறைத்து, கீட்டோகொனசோல் போன்ற மருந்துள்ள ஷாம்பு போடுவதே முறை.

இப்படியெல்லாம் சொல்வது பாட்டி வைத்தியத்தை மட்டம் தட்டுவது என்று சிலர் வருந்தலாம். இங்கே கண்ட சான்றுகளில் தேங்காயெண்ணெயும் அரிசியும் பல இடங்களில் தேறியிருக்கின்றன. சோதனையில் தேறியதைக் கூடுதல் உறுதியோடு நம்பலாம். தேறாததைப் பழக்கத்தின் பெயரால் காப்பாற்றினால், அதற்கு விலை கொடுப்பது வெடிப்போடு வயலில் இறங்கும் பெண்தான். அவருக்கு வேண்டியது நுணுக்கமானதல்ல. வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கால் கழுவி, சோப்பைக் குறைத்து, விரலிடுக்கை நன்றாகத் துடைத்து, குதிகாலில் ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லியையோ தேங்காயெண்ணெயையோ தடவிக்கொள்ள வேண்டும். தடித்துப்போனவர்களுக்கு யூரியாக் களிம்பு. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து தருகிறார்கள். அதே கைகள் நடவுக் காலத்தில் காலையும் பார்த்து, வெடிப்புக்குப் பூச்சு எது, சேற்றுப்புண்ணுக்கு மருந்து எது என்று சொல்லித் தரலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் யூரியாக் களிம்பும் வெள்ளை ஜெல்லியும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யலாம். மிக மலிவான பொருள்களே மிக நன்றாக வேலை செய்யும் அரிதான துறை இது. அப்படியிருந்தும் நாட்டுக்கே சோறு போடும் கால்கள் வெடித்துக் கிடப்பதற்குப் பணமில்லை என்று காரணம் சொல்ல முடியாது. சரியான தகவல் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். அதைக் கொண்டுசேர்ப்பது மருத்துவத் துறைக்கும், எழுதுபவர்களுக்கும், இதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டில் சொல்லக்கூடிய ஒவ்வொருவருக்கும் உள்ள கடமை.